சிரிக்கும் டைரிகள்: வளரிளம் பெண்களுக்கான நகைச்சுவை நாட்குறிப்புப் புனைவு

பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், தன் அன்றாடத்தைத் தேதி போட்டுத் தனக்காக மட்டும் எழுதிக்கொள்வதுபோல அமைந்த கதையே இங்கே பேசப்படும் நாட்குறிப்புப் புனைவு. படிக்கிறவரைச் சிரிக்க வைப்பதே நோக்கமாக அது எழுதப்படும்போது நகைச்சுவை நாட்குறிப்புப் புனைவு ஆகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடுநிலைப்பள்ளி வயதுப் பெண்களுக்காக வரும் நூல்களில் இந்த வகைக்கு நிலையான இடம் உண்டு. ஜிம் பென்டனின் ‘டியர் டம்ப் டைரி’ (2004), ரேச்சல் ரெனே ரஸ்ஸலின் ‘டோர்க் டைரீஸ்’ (2009), கேட்டி கிர்பியின் ‘லாட்டி புரூக்ஸ்’ (2021) ஆகிய வரிசைகள் நன்கு அறியப்பட்டவை. கோடுபோட்ட நோட்டுப்புத்தகம் போன்ற பக்கங்கள், கையெழுத்துப் போன்ற அச்செழுத்து, ஓரமெல்லாம் கிறுக்கல் படங்கள் என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். விளையாட்டுப் புத்தகம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் இந்த நூல்களுக்குள் கதைசொல்லலின் நுட்பமான ஒரு வித்தை இருக்கிறது. எழுதுகிறவளுக்கே பிடிபடாத உண்மை, அவள் எழுத்தின் வழியாகவே படிக்கிறவளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. இந்த வகையின் சிரிப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இந்த இடைவெளியை உண்டாக்குவது தேதி. நடந்து முடிந்த கதையைத் தன்மையில் சொல்கிறவர் முடிவு தெரிந்து சொல்கிறார். டைரி எழுதுகிறவளுக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. திங்கட்கிழமை இரவு ஒரு பெண் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: இனி அவளோடு பேச்சே கிடையாது, இந்த டைரியில் அவள் பெயர்கூட வராது. அதற்குக் கீழே மூன்று பக்கம் அவளைப் பற்றியே இருக்கிறது. மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், எதற்குச் சிரித்தாள், தன்னைத் திரும்பிப் பார்த்தாளா என்பதெல்லாம் வரிசையாக. செவ்வாய்க்கிழமைக் குறிப்பு இரண்டே வரி: சமாதானம் ஆகிவிட்டது, சண்டை எதற்கு என்றே நினைவில்லை. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்கிற சிறுமி, எழுதியவளுக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதியவளைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்கிறாள். நகைச்சுவைத் துணுக்கு என்று தனியாக எதுவும் இல்லாமலே சிரிப்பு வந்துவிடுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. உரை எழுதிய பேராசிரியர் இவற்றைத் தன்னிடத்துத் தோன்றுவது, பிறரிடத்துத் தோன்றுவது என இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டுவார். இங்கே பேசப்படும் நூல்களுக்கு இந்தப் பகுப்பு வியப்பளிக்கும் அளவுக்குப் பொருந்துகிறது. டைரிக்காரி பிறரை எள்ளி எழுதுகிறாள். படிக்கிறவள் டைரிக்காரியின் இளமையையும் பேதைமையையும் கண்டு சிரிக்கிறாள். ஒரே வரியில் இரண்டு சிரிப்பும் நடக்கின்றன. முதல் சிரிப்பு மட்டும் உள்ள நூல் வெறும் கிண்டலாகத் தேங்கிவிடும். இரண்டாவதும் சேரும்போதுதான் அந்தப் பெண்மீது பரிவு உண்டாகிறது.

எழுதுகிறவருக்குத் தெரியாததை வாசகருக்குக் காட்டும் இந்த உத்தி பழையது, அதை முதலில் பிரபலமாக்கியவன் நடுவயது ஆண். ஜார்ஜ் கிராஸ்மித், வீடன் கிராஸ்மித் என்ற சகோதரர்கள் லண்டன் ‘பஞ்ச்’ இதழில் 1888-89இல் எழுதி, 1892இல் நூலாக்கிய ‘ஒரு சாமானியனின் டைரி’யில் சார்லஸ் பூட்டர் என்ற குமாஸ்தா தன் பெருமைகளைப் பதிந்துகொண்டே போகிறார். சிவப்பு எனாமல் பெயின்ட் மீதம் இருக்கிறதென்று குளியல் தொட்டிக்கும் அடித்துவிட்டு, அதன் அழகைத் தானே மெச்சி எழுதுகிறார். சில நாள் கழித்து வெந்நீரில் இறங்கினால் பெயின்ட் கரைகிறது; ரத்தம் கொட்டுகிறதென்று நடுங்குகிறார். பெயின்ட் அடித்த நாளின் பெருமிதம் முந்தைய தேதியில் அழியாமல் அப்படியே நிற்கிறது. பின்னால் வந்த பள்ளிச் சிறுமிகள் அத்தனை பேரும் இந்த வழியில்தான் நடந்தார்கள்.

பெண்பிள்ளையின் குரல் இதில் தெளிவாகச் சேர்ந்தது கடிதங்கள் வழியாக. அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டரின் ‘டாடி லாங் லெக்ஸ்’ 1912இல் வந்தது. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜூடி அபட்டைப் பெயர் சொல்லாத ஒரு தர்மவான் கல்லூரிக்கு அனுப்புகிறார். மாதாமாதம் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும், பதில் வராது. சுவரில் நீண்டு விழுந்த அவரது நிழலை மட்டும் பார்த்திருக்கும் ஜூடி, தன் குச்சிப் படங்களோடு எழுதித் தள்ளுகிறாள். படங்களை வெப்ஸ்டரே வரைந்தார். பதில் வராத கடிதம் பெயரளவில்தான் கடிதம். உண்மையில் அது டைரி. அந்தத் தர்மவான் யார் என்பதை ஜூடி கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே வாசகி ஊகித்துவிடுகிறாள். எழுத்தும் கிறுக்கலும் சேர்ந்த பக்கம், எழுதுகிறவளை முந்திக்கொண்டு ஓடும் வாசகி என்று இன்றைய வகைக்கு வேண்டிய இரண்டும் அங்கேயே கைகூடிவிட்டன.

அடுத்த கட்டம் நெதர்லாந்தில் நடந்தது. இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதியும் அதுதான். செட்ஸ்கே தெ ஹான் என்பவர் சிசி வான் மார்க்ஸ்ஃபெல்ட் என்ற புனைபெயரில் 1919இல் வெளியிட்ட நூல், யோப் தெர் ஹியூல் என்ற துடுக்கான மாணவியின் பள்ளிக்காலத்தைச் சொல்கிறது. யோப் முதலில் தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். மதிப்பெண் குறைகிறது, கண்டிப்பான அப்பா கடிதம் எழுதுவதற்குத் தடை போடுகிறார். உடனே அவள் டைரிக்கு மாறிவிடுகிறாள். அவளும் தோழிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எல்லோருடைய பெயரின் முதலெழுத்துகளையும் கோத்து, வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்றை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வகுப்பில் வாலாட்டுவது, ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டுவது, அக்காவோடு மல்லுக்கட்டுவது என்று கதை ஓடுகிறது. டச்சு வீடுகளில் ஒரு தலைமுறைப் பெண்கள் இதையும் தொடர்ந்து வரிசையாக வந்த யோப் நூல்களையும் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருத்தி ஆன் ஃபிராங்க். 1942 ஜூன் 12இல், பதின்மூன்றாம் பிறந்தநாளில் அவள் கைக்கு டைரி வந்தது. ஜூலை 6இல், யூதர்களை வேட்டையாடிய நாஜிகளிடமிருந்து தப்பக் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் மறைவிடத்துக்குப் போனாள். அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவள் டைரியைக் கடிதங்களாக எழுதத் தொடங்கியபோது, யோப்பின் தோழிகளுடைய பெயர்களையே விளித்தாள். பாப், பீன், கானி, கிட்டி என்று பலருக்கும் எழுதினாள். டைரிகளைப் பாதுகாத்து வைக்கும்படி வானொலியில் வந்த ஒரு வேண்டுகோளைக் கேட்டு 1944இல் டைரியை நூலாகத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது, எல்லாக் கடிதங்களும் கிட்டி ஒருத்திக்கே என்று ஆயின. அந்தக் கிட்டி, யோப் வரிசையில் வரும் கிட்டி ஃபிராங்கன்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மறைவிடத்துக்கு முந்தைய பக்கங்களில் யோப்பின் சாயல் நன்றாகத் தெரிகிறது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று கணக்கு ஆசிரியர் ‘வாயாடி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறார். அடங்காததால் இரண்டாவது கட்டுரை. மூன்றாவதாக வாத்தின் கத்தலைத் தலைப்பாக்கித் தண்டனை. ஆன் அதைச் செய்யுளாகவே எழுதிக் கொடுக்கிறாள்: அதிகம் கத்தியதற்காகத் தன் குஞ்சுகளையே கடித்துக் கொன்றுவிடும் அன்னத்தகப்பன் கதை. ஆசிரியர் அதை வகுப்பில் படித்துக் காட்டிச் சிரித்து, அதற்குப் பின் அவளைப் பேசவிடுகிறார். உலகம் இந்த நூலைத் துயரத்தின் சாட்சியமாகப் படிக்கிறது, அது சரிதான். ஆனால் அந்தச் சாட்சியத்துக்கு வடிவம் கொடுத்தது பள்ளிச் சிறுமிகளுக்கான ஒரு சிரிப்புக் கதை. அதிலிருந்துதான் தோழியிடம் பேசும் தொனியும், தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிவும், வீட்டுப் பெரியவர்களைக் கூர்ந்து அளக்கும் கண்ணும் அவளுக்குப் பழகின. நகைச்சுவை நாட்குறிப்பை இலேசான சரக்கு என்று தள்ளுகிறவர்களுக்கு இதைவிட வலுவான பதில் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வகை சில பத்தாண்டுகள் மெதுவாகவே நகர்ந்தது. அதில் தவிர்க்கக் கூடாத நூல் லூயிஸ் ஃபிட்ஸ்ஹியூ எழுதி, தானே படம் வரைந்த ‘ஹாரியட் த ஸ்பை’ (1964). நியூயார்க்கில் வாழும் பதினொரு வயது ஹாரியட் அக்கம்பக்கத்தாரையும் வகுப்புத் தோழர்களையும் உளவு பார்த்து, மனதில் பட்டதை ஒளிவுமறைவின்றி நோட்டுப்புத்தகத்தில் எழுதுகிறாள். அந்த நோட்டு ஒருநாள் தோழர்கள் கையில் சிக்குகிறது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சத்தமாகப் படிக்கிறார்கள். உண்மையை எழுதியதற்காக ஒரு குழந்தை தனிமைப்படும் அந்தப் பகுதி இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. டைரி பிறர் கையில் சிக்குவது பின்னாளில் இந்த வகையின் நிரந்தரத் திருப்பம் ஆகிவிட்டது. ஹாரியட்டுக்கு நேர்ந்ததன் கனம் பின்வந்த நூல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது.

1982இல் சூ டவுன்சென்டின் ஏட்ரியன் மோல் வந்தான். பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன். பக்கத்து வீட்டுக்காரரோடு அம்மா பழகுவதைத் தேதி வாரியாகப் பதிகிறான், அதன் பொருள் மட்டும் அவனுக்கு ஏறுவதில்லை. பூட்டரின் உத்தி வளரிளம் வயதுக்கு எத்தனை நன்றாகப் பொருந்தும் என்பதை இந்த நூலின் பெருவெற்றி காட்டியது. இதன் தாக்கம் நேரடியாகத் தெரியும் பெண்குரல் லூயிஸ் ரெனிசனின் ஜார்ஜியா நிக்கல்சன். 1999இல் தொடங்கிய அவளுடைய பத்து நூல்கள் சற்று மூத்த வயதுக்குரியவை. நாளுக்கு ஒரு குறிப்பு போதாமல், நிமிடத்துக்கு நிமிடம் நேரம் குறித்து எழுதுகிறாள் அவள். புருவத்தைச் சீர் செய்யப் போய் முழுதும் மழித்துவிட்டு நிற்பதும், அவள் வளர்க்கும் அரைக் காட்டுப்பூனையால் தெருவே அல்லோலகல்லோலப்படுவதும் அந்த மூச்சிரைக்கும் வேகத்தில்தான் சுவைக்கின்றன.

இவற்றுக்கு நடுவே 1994இல் வந்த கேரன் குஷ்மனின் ‘கேதரின், கால்டு பேர்டி’ தனித்து நிற்கும் நூல். கதை நடப்பது 1290ஆம் ஆண்டு இங்கிலாந்தில். சிறு நிலப்பிரபுவின் மகளான பேர்டியைப் பணக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துக் காசு பார்க்க அப்பா அலைகிறார். வந்த வரன்களை அவள் விரட்டும் விதம்தான் கதை: பல்லில் கரி பூசுகிறாள், தலைமுடியில் எலி எலும்பு செருகிக்கொள்கிறாள். ஒவ்வொரு தேதிக்கும் உரிய புனிதர் எப்படிச் செத்தார் என்ற தகவலும் கூடவே வருகிறது. தெள்ளுப்பூச்சிக் கடி, கழிப்பறை, கிழிந்த தையல்வேலை எல்லாம் ஒளிவில்லாமல் வருகின்றன. தன்னைப் பேரம் பேசி விற்கிறார்கள் என்ற ஆத்திரத்தைச் சிரிப்பாக மாற்றிப் பதினான்கு வயதுப் பெண் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். அடுத்த ஆண்டு இந்நூலுக்கு அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரியின் சிறப்புத் தகுதி கிடைத்தது. மொத்த வகையிலும் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் இதைச் சொல்வதற்கு நியாயம் உண்டு.

இன்றைய நூல்களின் தோற்றம் பிறந்த ஆண்டு 1995. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மரிஸ்ஸா மாஸ் ‘அமீலியாஸ் நோட்புக்’ நூலை, அமெரிக்கப் பள்ளிக்கடைகளில் கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் பளிங்குக் கோல அட்டை நோட்டுப்புத்தகம் போலவே அமைத்தார். உள்ளே ஒன்பது வயதுச் சிறுமியின் கையெழுத்து, வண்ணக் கிறுக்கல், அம்புக்குறி போட்ட விளக்கங்கள். இந்தப் பக்க அமைப்பில் படமும் எழுத்தும் இரண்டு சாட்சிகளாகச் செயல்படுகின்றன. நிதானமாகப் பதில் சொன்னேன் என்று எழுத்து சொல்லும். பக்கத்திலிருக்கும் படத்தில் தலைமுடி குத்திட்டு, வாய் காதுவரை கிழிந்திருக்கும். வாசகி எழுத்தைவிடப் படத்தை நம்புகிறாள். பூட்டரிடம் இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி, இங்கே ஒரே பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. நீண்ட பத்திகளைக் கண்டு மிரளும் பிள்ளைகளும் இந்தப் பக்கங்களைத் தயங்காமல் புரட்டுவதற்குக் காரணம் இதுவே.

ஜெஃப் கின்னியின் ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ 2007இல் அச்சில் வந்து பெரும் வெற்றி பெற்றது. அதன் நாயகன் கிரெக், தான் எழுதுவதை டைரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று முதல் பக்கத்திலேயே பதறுகிறான். டைரி பெண்பிள்ளைகளின் சமாச்சாரம் என்ற எண்ணம் அவனுக்கு. அதற்குப் பின் வந்த பெண்களின் வரிசைகளைக் கின்னியின் பெண்பதிப்பு என்று புத்தக வியாபாரம் பேசியது. ஜூடி, யோப், அமீலியா ஆகியோரை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழான கணக்கு என்பது விளங்கும்.

இந்தக் கதைகளின் களம் பெரும்பாலும் அமெரிக்க நடுநிலைப்பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை மட்டும் தனிக் கட்டடத்தில் நடக்கும் இந்த ஏற்பாடு 1960களிலிருந்து அங்கே பரவியது. தொடக்கப்பள்ளியின் ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர் என்ற பாதுகாப்பு போய், பாடத்துக்குப் பாடம் அறை மாறி ஓட வேண்டும். தாழ்வாரத்தில் ஆளுக்கொரு லாக்கர். பக்கத்து லாக்கர் யாருடையது என்பது அந்த ஆண்டின் விதியைத் தீர்மானிக்கும். மதிய உணவுக்கூடத்தில் தட்டோடு நிற்கும்போது எந்த மேசையில் இடம் கிடைக்கும் என்பதே பெரிய கேள்வி. உடம்பும் குரலும் தோழமையும் ஒருசேர மாறும் வயதில் இத்தனை பேர் பார்வைக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு, யாரும் பார்க்காத ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் டைரி.

‘டோர்க் டைரீஸ்’ இந்தத் தேவையை நன்கு அறிந்த வரிசை. ரஸ்ஸல் வழக்கறிஞர், மகள்கள் பள்ளியில் பட்ட பாட்டிலிருந்து கதை எடுத்தார், மகள் நிக்கி படம் வரைவதில் துணை நின்றார். கதாநாயகி நிக்கி மேக்ஸ்வெலுக்குப் பதினான்கு வயது. புதிய பள்ளியில் மதிப்புப் பெற ஐபோன் கேட்கிறாள். அம்மா டைரி வாங்கித் தருகிறார். ஆக முதல் குறிப்பே டைரியைப் பற்றிய புகார். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் அந்தத் தனியார் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், அங்கே பூச்சி மருந்து அடிக்கும் ஒப்பந்தம் அப்பாவிடம் இருப்பது. அப்பாவின் வண்டியின் கூரைமேல் பிரமாண்டமான பிளாஸ்டிக் கரப்பான்பூச்சி. அந்த வண்டி பள்ளி வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் நிக்கியின் மானம் கப்பலேறுகிறது. பெரிய எழுத்துகளும் ஆச்சரியக்குறிகளுமாகக் கத்துகிற பக்கங்களுக்கு அடியில், தகுதிக்கு மீறிய இடத்தில் இருக்கிறோமோ என்ற ஓர் ஏழைப் பிள்ளையின் கூச்சம் ஓடுகிறது. வரிசையின் உயிர் அதில் இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையில் கிடைத்த க்ளோயி, ஸோயி என்ற தோழிகளோடு வரும் பகுதிகளும் நல்லவை. எதிரி மெக்கன்ஸி ஹாலிஸ்டர் மட்டும் பணம், அழகு, துவேஷம் என்ற மூன்றையும் கலந்து செய்த பொம்மையாகவே நின்றுவிடுகிறாள்.

இந்த இடத்தில் பென்டனின் ‘டியர் டம்ப் டைரி’ ஒரு படி மேலே நிற்கிறது. மேக்கரெல் நடுநிலைப்பள்ளியில் படிக்கும் ஜேமி கெல்லி, ஆஞ்சலின் என்ற அழகியை வெறுக்கிறாள். அவள் கூந்தலைப் பற்றி எழுதி எழுதி மாளவில்லை. ஆனால் ஜேமி பதியும் நிகழ்ச்சிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், ஆஞ்சலின் பொல்லாதது எதையும் செய்வதில்லை. பல நேரம் உதவியே செய்கிறாள். சூழ்ச்சிக்காரி என்றால் அது ஜேமியின் உயிர்த்தோழி இசபெல்லாதான். இதையெல்லாம் ஜேமியே எழுதுகிறாள், அவளுக்குத்தான் தெரிவதில்லை. பத்து வயது வாசகி இதைத் தானாகக் கண்டுபிடிக்கும்போது, சொல்கிறவரை அப்படியே நம்பக் கூடாது என்ற உயர்ந்த வாசிப்புப் பயிற்சி அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. கல்லூரி இலக்கிய வகுப்புகள் வெகு பின்னால் கற்பிப்பது இது.

இந்த வகையின் குறைகளும் உண்மையானவை. வெற்றி பெற்ற வரிசை நூலுக்கு மேல் நூலாக நீள்வதை வியாபாரம் விரும்புகிறது. நாயகி வளராமல் அதே வகுப்பில், அதே பையனைப் பார்த்து, அதே அசடு வழிந்துகொண்டு நிற்கிறாள். உடை, கைப்பேசி, விருந்து என்று வாங்கும் பொருள்களால் ஆன உலகம் பல நூல்களில் கேள்வியின்றி வருகிறது. அட்டையின் இளஞ்சிவப்பு, பையன்களைத் தொடவிடாமல் விரட்டுகிறது; பெண்ணின் பேதைமையைக் கண்டு பரிவோடு சிரிக்கப் பழகும் வாய்ப்பு அவர்களுக்குப் போய்விடுகிறது. பாதிக்கப்படுகிறவர்கள் அவர்களும்தான்.

வடிவம் மற்றக் கைகளில் விரிந்திருப்பதையும் குறிக்க வேண்டும். ஏமி இக்னாட்டோவின் ‘பாப்புலாரிட்டி பேப்பர்ஸ்’ (2010) நூலில் லிடியா, ஜூலி என்ற இரண்டு தோழிகள் ஒரே நோட்டை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒருத்தி எழுதியதை மற்றவள் அடுத்த பக்கத்திலேயே மறுக்கிறாள். ரகசியம் என்ற பழைய அடிப்படையே இங்கே மாறி, உரையாடலாகிவிடுகிறது. இந்தியாவில் மாதங்கி சுப்ரமணியன் எழுதிய ‘டியர் மிஸஸ் நாயுடு’, பெங்களூரில் வாழும் சரோஜினி என்ற பன்னிரண்டு வயதுப் பெண் தன் பெயர்கொண்ட சரோஜினி நாயுடுவுக்கு எழுதும் கடிதங்களால் ஆனது. பதில் வரவே முடியாத கடிதங்கள். ஜூடியின் கடிதங்களுக்கு நெருங்கிய உறவு. தோழன் அமீர் தனியார் பள்ளிக்குப் போய்விட, கல்வி உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சரோஜினி பெரியவர்களை விரட்டத் தொடங்குகிறாள். அவள் பள்ளியில் லாக்கர் கிடையாது, விருந்து கிடையாது. ஆனால் பெரியவர்களின் பேச்சைக் கேட்டது கேட்டபடி எழுதிவைத்து, அவர்களே அறியாமல் அவர்களைக் காட்டிக்கொடுக்கும் கண் அவளுக்கும் இருக்கிறது.